மருமகன் முன்னால்

அஸ்தாஜாம் எதையாவது தின்று நான் பார்த்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். யோலா சந்தையில் நான் காராமணி வடை சுடுகிறேன், அவள் பக்கத்தில் சுரைக்குடுவையை வைத்துக்கொண்டு தயிர் விற்கிறாள். என் எண்ணெய்ப் புகையில் பாதி அவள் மூக்குக்குத்தான் போகும். பசிக்காமலா இருக்கும்? சூடாக ரெண்டு வடையைக் காகிதத்தில் வைத்து நீட்டினால், "அப்புறம்" என்பாள். வாங்கித் துணியில் முடிந்துகொள்வாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாயில் போடுவாள்.

"ஏண்டி, வடை தின்னா என்னடி மானம் போயிரும்?" என்று கேட்டால் சிரிப்பாள்.

மாடு வளர்க்கிற இந்த ஃபுலானி ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான். பசி, வலி, அழுகை, ஆசை எதையும் அடுத்தவர் முன்னால் காட்டக் கூடாது. இவள் அதிலும் ஒரு படி மேல். நான் வேறு இனம், கனூரிக்காரி. வடக்கே போர்னோவில் கலகக்காரர்கள் ஊரை எரித்தபோது பிள்ளைகளோடு ஓடிவந்து இங்கே அடுப்பு மூட்டியவள். எங்கள் வீட்டில் ஒருத்தருக்குப் பல் வலித்தால் தெருவுக்கே தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்கும் ஃபுலானிகளுக்கும் ஒரு கேலி முறை உண்டு. யார் யாரை வேண்டுமானாலும் "அடிமை" என்று கூப்பிடலாம், வாய்க்கு வந்தபடி வையலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த முறையை வைத்துத்தான் எங்கள் சிநேகிதம் ஓடியது. காலையில் அவள் குடுவையை இறக்கும்போதே, "வாடி என் அடிமை, இன்னைக்குப் பாலுல எவ்வளவு தண்ணி?" என்று ஆரம்பிப்பேன். "உன் வடையில எவ்வளவு பயறு இருக்கோ அவ்வளவு தண்ணிதான்" என்பாள்.

ஒருநாள் அவள் காலில் தேள் கொட்டியது. எதிரே ஒருவன் தயிர் வாங்க நின்றான். தயிர் ஊற்றினாள், கம்பு உருண்டையைக் கரைத்தாள், சர்க்கரை போட்டாள், மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். அவன் போன பிறகு என் பக்கம் குனிந்து, "யாகனா, எங்காலடியில ஒரு தேளு கெடக்கு, பாரு" என்றாள்.

"கொட்டிருச்சா?"

"ம்."

அவள் புருஷன் ஹம்மனை மேய்ச்சல் காட்டில் மாட்டுத் திருடர்கள் சுட்டுப் போட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவள்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். மகன் போபோ அவளுக்கு ரெண்டு கறவையை மட்டும் விட்டுவிட்டு மிச்ச மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டான். பக்கத்தில் இருப்பது மகள் பெந்தா ஒருத்திதான்.

பெந்தாவைக் கட்டியவன் யேரோ. பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பையன். நல்ல பையன் என்பதுதான் அவனிடம் இருந்த ஒரே கோளாறு. தாயார் ஹாஜியா மைரோ கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான். அவர்கள் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேர் சொல்லக் கூடாது. அவன் சந்தைப் பக்கம் வந்தால் அஸ்தாஜாம் என் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் குந்திக்கொள்வாள். அவனும் தூரத்திலேயே பார்த்துவிட்டு வேறு சந்தில் திரும்பிவிடுவான். "உன்னால என் சட்டியில மண்ணு விழுதுடி" என்று நான் கத்துவேன்.

இப்படிப்பட்டவளின் மகள் பிரசவத்தில் கத்திவிட்டாள். ரெண்டாவது பிள்ளை, மாமியார் வீட்டில், குழந்தை குறுக்கே கிடந்தது. யாராயிருந்தாலும் கத்தத்தான் செய்வாள். நானெல்லாம் என் நாலு பிள்ளைக்கும் மசூதிவரை கேட்கக் கத்தினேன், யாரும் என்னைத் தள்ளிவைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் அது பெரிய பேச்சாகிவிட்டது. "எங்க வீட்டு ஆடுகூட இப்படிக் கத்திக் குட்டி போடாது" என்று மைரோ சொன்னாளாம். பேர் வைக்கிற அன்றைக்கு ஓரகத்திகள் அவள் கத்தினதைப் போலக் கத்திக் காட்டிச் சிரித்தார்கள். அவளுக்கு 'ஆம்புலன்ஸ்' என்று பட்டப்பேர். அவள் தண்ணீர்க் குடத்தோடு வந்தால், "ஆம்புலன்ஸ் வருது, வழி விடுங்க" என்று வாண்டுகள் ஓடும். யேரோ காதில் விழாதது போலப் போவான்.

மைரோ அதோடு நிற்கவில்லை. மகனுக்கு இன்னொருத்தியைப் பார்க்க ஆரம்பித்தாள். "மானமுள்ள வீட்டுப் பொண்ணா பாக்குறேன். இவ அம்மாகிட்ட அது இருந்தாத்தானே இவளுக்கு வரும்? அவளும் நெசமான வலியப் பாத்ததில்ல. பாத்தா அவளும் இப்படித்தான் ஊளையிடுவா" என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். அது ஒரு பொழுதுக்குள் சந்தைக்கு வந்து சேர்ந்தது.

அஸ்தாஜாம் கேட்டுக்கொண்டாள். தயிர் மொண்டாள். சந்தை கலைகிற நேரத்தில், "எம் பொண்ணு கத்துனதுக்கு நாந்தான் காரணமாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றிலிருந்து அவள் மனசில் அது ஒன்றுதான் ஓடியது என்று எனக்குத் தெரியும்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒருநாள் விடிகாலையில் பால் கறக்கும்போது கன்றுக்குட்டிக் கயிறு அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. கன்று எதற்கோ மிரண்டு இழுத்தது. எலும்பு முறிந்தது. இந்தப் புண்ணியவதி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு கையால் மிச்சப் பாலையும் கறந்து, குடுவையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டாள். துணிக்குள் மறைத்திருந்த கையை நான்தான் இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு கோணிக்கொண்டு வீங்கிக் கிடந்தது.

"அடிப் பாவி! பைத்தியமாடி உனக்கு?" அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பை இழுத்து நேராக்கி ரெண்டு கம்பி போட வேண்டும், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம், படுக்க வேண்டாம் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் எகோங் புதிதாக வந்தவர், தெற்குக் கடற்கரைப் பக்கத்துக்காரர். தங்கமான மனுஷன், பொய் சொல்லக் கூடாது. கழுத்தெலும்புக்கு மேலே நரம்பைத் தேடி ஒரு ஊசி போட்டால் தோளிலிருந்து விரல்வரை கை மரத்துவிடும், அறுத்தாலும் தெரியாது, வீட்டுக்குப் போன பிறகும் மறுநாள் விடியும்வரை வலி எட்டிப் பார்க்காது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். ஆனால் அவருக்கு இங்கிலீஷைத் தவிர எங்கள் பக்கத்துப் பேச்சு எதுவும் தெரியாது. அன்றைக்கு அதை எங்களுக்குத் திருப்பிச் சொன்ன நர்ஸ், ஆபரேஷன் அன்று பிரசவ வார்டில் மாட்டிக்கொண்டாள்.

அதனால் யேரோவைக் கூப்பிட்டார்கள். பெந்தாவை மாமியார் விடவில்லை. அவள் புருஷனிடம் அழுது கெஞ்சி அனுப்பிவைத்தாளாம். பையன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் செருப்புச் சத்தம் கேட்டதுமே அஸ்தாஜாம் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"இங்கிலீஷ் தெரிஞ்சவர் நீங்கதானா? உள்ள வாங்க, வாங்க" என்று டாக்டர் அவனைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குத் திக்கென்றது. மருமகனைக் கொண்டுவந்து மாமியார் கட்டில் பக்கத்தில் நிறுத்துவதா? ஊர் உலகத்தில் நடக்கிற காரியமா? யேரோ கட்டிலுக்கு முதுகைக் காட்டி என்னைப் பார்த்து நின்றான். டாக்டர் அவனிடம் சொல்ல, அவன் என்னிடம் சொல்ல, நான் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் சுவரிடம் பதில் சொல்வாள்.

"இவங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?" என்று டாக்டர் கேட்டாராம். யேரோ தலையை இன்னும் குனிந்துகொண்டான்.

நான் அஸ்தாஜாமின் காதோரம் குனிந்து, "அவனை வெளியே போகச் சொல்லட்டுமா? வேற யாரையாவது பிடிப்போம்டி" என்றேன்.

"வேண்டாம். இருக்கட்டும்."

"உனக்குக் கூச்சமா இல்லியா?"

"கூச்சமாத்தான் இருக்கு. ஆனா அவரு பாக்கணும். பாத்துட்டுப் போய் அவங்கம்மாகிட்ட சொல்லணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கை சரியாவது அவளுக்கு ரெண்டாம் பட்சம். மகள் பேரில் விழுந்த கறையை இந்தக் கட்டிலில் படுத்துத் துடைக்கப் பார்க்கிறாள்.

ஒரு சின்னப் பெட்டியில் தெரிந்த படத்தைப் பார்த்துக்கொண்டே டாக்டர் ஊசியைப் போட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். கையைத் தூக்கச் சொன்னார். அவள் தூக்கவில்லை. கை துணி மாதிரி கிடந்தது. சரி, மருந்து பிடித்துவிட்டது என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது. பிறகு அவர் ஒரு இடுக்கியால் உள்ளங்கைத் தோலைக் கிள்ளினார்.

"வலிக்குதான்னு கேளுங்க."

யேரோ என்னிடம் சொன்னான். நான் அவளிடம் கேட்டேன்.

"இல்ல" என்றாள் சுவரிடம்.

ஆனால் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவள் கால் கட்டைவிரல் சுருண்டதை நான் பார்த்தேன். டாக்டர் இன்னொரு தடவை, இன்னும் அழுத்திக் கிள்ளினார். கட்டைவிரல் மறுபடியும் சுருண்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "இல்ல."

"பொய் சொல்றா!" என்று நான் கத்திவிட்டேன். "யேரோ, மருந்து பிடிக்கலன்னு சொல்லுப்பா. அவ காலைப் பாரு. கையைக்கூட வேணும்னேதான் தூக்காமப் போட்டிருக்கா!"

அவன் எப்படிப் பார்ப்பான்? மாமியார் காலைப் பார்க்கிற மருமகன் உண்டா? கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு, "அக்கா, அவங்க இல்லன்னு சொல்லிட்டாங்களே" என்றான்.

"நான் வலிக்குதுன்னு சொல்றேன்!"

"அவங்க சொன்னதை மாத்தி நான் எப்படிக்கா சொல்லுவேன்? அவங்களைப் பொய்க்காரின்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா?"

அழுதுவிடுவான் போல இருந்தது. டாக்டர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன தகராறு என்று கேட்டார். யேரோ ஏதோ சொன்னான். இந்த அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது என்று என்னைக் காட்டிச் சொல்லியிருக்கிறான். டாக்டர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து, கட்டைவிரலைக் காட்டி, எனக்குத் தெரிந்த எல்லாப் பேச்சிலும் கத்தினேன். சிப்பந்தி ஒருத்தி வந்து என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். யேரோவை மட்டும் பச்சைச் சட்டை மாட்டி உள்ளே கூட்டிப்போனார்கள், நடுவில் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும் என்று.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தச்சுப் பட்டறையில் மரத்தில் துளை போடுகிற மாதிரி ஒரு சத்தம் கதவு வழியாக வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். கத்துடி, கத்தித் தொலையேண்டி, ஒரே ஒரு தடவை கத்து, அவங்க நிறுத்திருவாங்க என்று வாய்விட்டே சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட இல்லை. எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம், அந்தக் கதவை உடைத்துக்கொண்டு போய் நானே அவளை அறையலாம் போல இருந்தது.

முதலில் வெளியே வந்தது யேரோதான். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, என்ன மருந்துக்கா அது! எலும்பை இழுத்தாங்க, கம்பியைக் குடைஞ்சாங்க, ஓரக்கண்ணுலதான் பாத்தேன், அவங்க அசையவே இல்ல. தூங்குற மாதிரி இருந்தாங்க. நெஞ்சுத் துடிப்பு மட்டும் எகிறுச்சு. டாக்டர் ரெண்டு தடவை கேட்டாரு. ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க. பயம்தான்னு சொல்லிட்டாரு."

"மருந்தா?" என்றேன்.

"மருந்துதாங்க்கா. நீங்க வீணாப் பயந்துட்டீங்க."

பின்னால் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போட்டிருந்த துணி பிழிகிற மாதிரி வேர்வையில் ஊறியிருந்தது. டாக்டர் எகோங் சந்தோஷமாக ஒவ்வொன்றாகச் சொல்ல, யேரோ எனக்குச் சொன்னான்: கைக்கு உணர்ச்சி இருக்காது, அடுப்புப் பக்கம் விடாதீங்க, தூளிக் கட்டு அவிழாமப் பாத்துக்கோங்க, மாத்திரை இப்பத் தேவையில்ல, படுக்கும்போது போட்டாப் போதும்.

உணர்ச்சி இல்லாத அந்தக் கையில் என் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். அவள் பிடித்தாள். என் விரல் ஒடிந்துவிடும் போலப் பிடித்தாள். நான் டாக்டர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

"அடிமை நாயே," என்றாள் துணிக்குள்ளிருந்து, காற்று மாதிரி ஒரு குரலில். "வாயைத் தொறந்தே, நாளைக்கு உன் எண்ணெய்ச் சட்டியைக் கவுத்துருவேன்."

ஆட்டோவில் வீட்டுக்குப் போனோம். எங்கள் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மழைக்குப் பிறகு அது ரோடே இல்லை. யேரோ முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், மரியாதைக்காக வாசல்வரை வருவானாம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் என் தோளில் வந்து மோதினாள். மாத்திரையை எடுத்து நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டாள். மருந்து வேலை செய்கிறவளுக்கு மாத்திரை எதற்கு என்று முன்னால் இருக்கிறவன் நினைத்துவிட்டால்?

வீட்டு வாசலில் அவனை அனுப்பிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். மாத்திரையை விழுங்கினாள். விழுங்கிவிட்டு, "யாகனா, வெளியே உரல்ல கம்பு கெடக்கு. இடிக்கிறியா?" என்றாள்.

"இப்ப எதுக்குடி கம்பு?"

"இடியேன். நல்லா பலமா இடி."

கதவைச் சாத்திக்கொண்டு வந்து இடித்தேன். கம்பு மாவான பிறகும் இடித்தேன். உலக்கை நின்றால் உள்ளே இருந்து ஏதாவது கேட்டுவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. கை மரத்துப்போய் நின்றது எனக்குத்தான்.

இவ்வளவும் எதற்காக? மைரோ வாயை மூடத்தானே? யேரோ வீட்டுக்குப் போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான், பாவி. மாமியார் கல்லு மாதிரிக் கிடந்தார், அப்படி ஒரு ஊசி, கையை அறுத்து எடுத்தாலும் தெரியாதாம் என்றான். மைரோ கைகொட்டிச் சிரித்தாளாம்.

"ஊசி போட்டா மாடுகூடத்தான் கத்தாது. இதுல அவளுக்கு என்ன பெருமை? கையைத் தூங்க வச்சுட்டுப் படுத்திருந்தவளைப் போய்ப் புகழ்றான் பாரு!"

சந்தையே ஊசிப் பேச்சாகிவிட்டது. முழங்கால் வலிக்காரி, இடுப்பு வலிக்காரி எல்லாரும் வந்து, "அந்த ஊசி எங்க போடுறாங்க அக்கா? ஒண்ணுமே தெரியாதாமே?" என்று அஸ்தாஜாமைக் கேட்டார்கள். "ஆமா, ஒண்ணும் தெரியல" என்று சொல்லி ஒரு கையால் தயிர் மொண்டாள். வலித்தது என்று சொன்னால் அதுவே மானக்கேடு. வலிக்கவில்லை என்றால் எல்லாப் புகழும் ஊசிக்கு. அவள் எந்தப் பக்கம் போவாள்?

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வடைக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு நடுச் சந்தையில் நின்று கத்தினேன். "கேட்டுக்கோங்க எல்லாரும்! அந்த ஊசி இவளுக்குப் பிடிக்கவே இல்ல! மரத்துப்போகாத கையிலதான் கம்பியைக் குடைஞ்சாங்க! இவ உயிரோட பொறுத்துக்கிட்டுக் கெடந்தா!"

எல்லாரும் சிரித்தார்கள். பால்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கனூரிக்காரி ஆரம்பிச்சுட்டாடி! தன் அடிமையை எப்படிக் கிண்டல் பண்றா பாரு!" என்றாள் ஒருத்தி. அது கேலி இல்லை, சத்தியம் என்றேன். இன்னும் சிரித்தார்கள். அல்லா மேல் ஆணை என்றேன். ஒருத்தி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நல்லா நடிக்கிறே" என்றாள். இத்தனை வருஷம் அவளை வைது வைது, என் வாயில் வருகிற எதுவும் விளையாட்டு என்று ஆகிவிட்டது.

கம்பியை எடுத்த பிறகு பெந்தா அம்மாவைப் பார்க்க வந்தாள். குழந்தையை முதுகில் கட்டியிருந்தாள். கண் வீங்கியிருந்தது. யேரோவுக்கு இன்னொருத்தி பேசி முடித்துவிட்டார்களாம். நான் அன்றைக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

பெந்தா உட்காரவில்லை. அம்மாவின் கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உனக்கு ஊசி போட்டாங்கம்மா," என்றாள். "எனக்கு யாரு போட்டா?"

அஸ்தாஜாம் தழும்பைத் துணியால் மூடிக்கொண்டாள்.

"அந்த வீட்டுல எல்லாரும் கேக்குறாங்க, உங்கம்மா எப்படிக் கெடந்தா பாத்தியான்னு. இல்லன்னா, ஊசியில தப்பிச்சான்னு சிரிக்கிறாங்க. எப்படிப் பேசுனாலும் அடி எனக்குத்தான் விழுது. நீ சொல்லும்மா. ஊசி இல்லாம இருந்தா நீயும் கத்தியிருப்பேதானே? என்னை மாதிரித்தானே கத்தியிருப்பே?"

நான் வாயைத் திறந்தேன். அஸ்தாஜாம் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவள் மகள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடமாவது உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றால் அது இவளிடம்தான். சொன்னால் அம்மா ஜெயித்தவள். மகள் மட்டும் கத்தினவளாகத் தனியாக நிற்பாள்.

"கத்தியிருப்பேண்டி," என்றாள். "ஊரே ஓடிவர்ற மாதிரிக் கத்தியிருப்பேன்."

பெந்தா அப்படியே சரிந்து உட்கார்ந்து, அம்மா மடியில் தலையைப் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஓரகத்திகள் கேட்டிருந்தால் ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள். அஸ்தாஜாம் அவளை அடக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. அடுத்த தடவை குழாயடியில் கேலி செய்தபோது பெந்தா தலையை நிமிர்த்திக்கொண்டு, "எங்கம்மாளே சொல்லிட்டா, ஊசி இல்லன்னா அவளும் கத்தியிருப்பாளாம். அவளே அப்படின்னா நான் எம்மாத்திரம்?" என்று சொல்லிவிட்டாள். பாவம், அதை ஒரு கேடயமாக நினைத்துவிட்டது பிள்ளை.

மறுநாள் ஹாஜியா மைரோ நேராகச் சந்தைக்கே வந்தாள். பின்னால் ரெண்டு மருமகள்கள். தயிர் வாங்க வந்தவள் போலக் கிண்ணத்தை நீட்டினாள். சுற்றி எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சம்பந்தி, உங்க பொண்ணு ஒண்ணு சொல்லிக்கிட்டுத் திரியுறா. நான் நம்பல. நீங்க ஊசி இல்லன்னா கத்தியிருப்பேன்னு சொன்னீங்களாமே? பொய்தானே?"

பொய் என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொல் போதும், இவள் வாய் அடைபட்டுவிடும். அஸ்தாஜாம் கிண்ணத்தை வாங்கி நிறைய ஊற்றினாள், நுரை தளும்ப.

"சொன்னேன்," என்றாள். "கத்தித்தான் இருப்பேன்."

மைரோ சிரித்தாள். மருமகள்கள் சிரித்தார்கள். பால்காரிகளில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இனிமேல் அவள் பக்கத்தில் உட்காரலாமா என்று யோசிக்கிறவர்கள் மாதிரி. மைரோ கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "நான் அப்பவே சொல்லலியா?" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"ஏண்டி? ஏண்டி இப்படிப் பண்ணுனே?" என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்லன்னா எம் பொண்ணு பொய்க்காரி ஆயிருப்பால்ல," என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவளிடம் கிண்ணத்துக்குக் கையை நீட்டினாள்.